குப்பைமேட்டின் மேல் ஒரு முழம் மண்

பட்டம் பெறும் இளைஞர்களே! என் ஆயுளின் பெரும்பகுதியை எதன் ஆராய்ச்சியில் கழித்தேனோ, குப்பைமேட்டை மூடும் அந்த மண்ணைப் பற்றியே இன்று பேச உத்தேசித்திருக்கிறேன்.

பிராணவாயு எட்டாத ஆழத்தில் குப்பை அழுகும்போது, மீத்தேனும் கரியமிலவாயுவும் ஏறக்குறையச் சரிபாதியாகக் கலந்து மேலே கிளம்புகின்றன. நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமிலவாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடேற்ற வல்ல அந்த மீத்தேன், வெளியேறுமுன் கடைசியாகக் கடப்பது மேலே பரப்பிய மண்ணைத்தான். அம்மண்ணில், கீழிருந்து மீத்தேனும் மேலிருந்து பிராணவாயுவும் வந்து சந்திக்கும் சில அங்குல ஆழத்தில், மீத்தேனையே ஆகாரமாகக் கொண்ட பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. இத்தகைய ஜீவராசி உண்டென்று ஹாலந்து தேசத்து ஸோன்கென் 1906-லேயே நிரூபித்துவிட்டார்.

நான் மாணவனாயிருந்தபோது, மூடப்பட்ட குப்பைமேட்டிலிருந்து கொணர்ந்த ஈரமண்ணில் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குடுவையில் இட்டு, ரப்பர் அடைப்பால் இறுக மூடி, ஊசி வழியாகச் சிறிது மீத்தேனைச் செலுத்திவைப்பேன். வாயுப் பகுப்புக் கருவியின் காகிதச் சுருளில் முதல்நாள் கோபுரம்போல் உயர்ந்து நின்ற மீத்தேனின் சிகரம், நாளுக்கு நாள் தாழ்ந்து, முடிவில் வெறும் கோடாகிவிடும். அதே மண்ணை நன்கு உலர்த்தி இட்டாலோ, சிகரம் அசையாது நிற்கும். நீர் தெளித்துச் சற்றுப் பொறுத்திருந்தால் மறுபடி தாழத் தொடங்கும். இந்தக் காட்சியில் மயங்கி, விடுதிக் கதவு சாத்தும் நேரத்தையும் மறந்து நான் உட்கார்ந்திருந்த இரவுகளில், ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல் கதவைத் திறந்துவிட்ட காவலாளிப் பெரியவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அன்று மனத்தில் பதிந்த நம்பிக்கை இதுதான்: குப்பையை மூடும் மண்ணை ஜடமென்று கருதுவது பெரும் பிழை. ஈரம் வற்றினால் அதிலுள்ள உயிர்கள் ஓய்ந்துவிடும். மண் வெடித்தால் அவற்றைத் தொடாமலே வாயு பிளவு வழியே போய்விடும். நீர் தேங்கினாலோ மண்துளைகள் அடைபட்டுக் காற்று உள்ளே இறங்காது. நன்கு மூடிப் பராமரித்த மேடுகளில் பத்தில் ஒரு பங்கு மீத்தேன் மண்ணிலேயே அழிவதாகக் கொள்ளலாம் என்பது சர்வதேசப் பருவநிலைக் குழுவின் கணக்கு; நேரில் அளந்த பல இடங்களில் அது இன்னும் மிகுதியாகவே இருந்திருக்கிறது.

நம் நாட்டின் 2016-ம் ஆண்டு விதிகள், இறுதி மூடலுக்கு 60 சென்டிமீட்டர் களிமண்ணும், அதன்மேல் 15 சென்டிமீட்டர் வடிகால் அடுக்கும், அதற்கும் மேல் செடிகொடி வளர 45 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம், மண்ணும் வேண்டுமென்றன. சென்னையின் குப்பைமேடுகளான பெருங்குடியும் கொடுங்கையூரும் பல்லாண்டுக் காலம் அத்தகைய போர்வையின்றித் திறந்தே கிடந்தன என்பதும், 2022 ஏப்ரலில் பெருங்குடி நாட்கணக்கில் எரிந்து புகைந்தது என்பதும் என்னை இன்றளவும் வருத்துகின்றன.

உங்களில் சிலர் நாளை நகராட்சிகளில் பொறியாளராக அமர்வீர்கள். குப்பைமேட்டை மூடும் திட்டம் உங்கள் மேஜைக்கு வரும்போது, மண் எத்தனை கனம் என்பதோடு நின்றுவிடாமல், கோடையில் அதன் ஈரத்தையும் வெடிப்புகளையும் ஆண்டுதோறும் அளக்கும் செலவையும் மதிப்பீட்டிலேயே எழுதிச் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் போன பிறகு அதற்குப் பணம் கேட்டால் கிடைப்பது அரிது.