முதல் தாமதம் வீட்டுக்குள்தான்



இந்த ஆய்வரங்கைக் கொழும்பில் வைத்திருந்தால் வந்துபோவது சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் ஒட்டுசுட்டானில் கூட்டியதே சரி. கர்ப்பகாலம் பற்றி நாம் எழுதுவதெல்லாம் கடைசியில் போய்ச் சேரவேண்டியது முத்தையன்கட்டுப் பக்கத்து வீடுகளுக்குத்தானே.

1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்று நாம் அழைக்கும், வீடு தேடிப் போகும் மருத்துவமாது அந்த ஏற்பாட்டோடு ஊர்களுக்குள் வந்தார். 1930களில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். 1934–35 மலேரியா அதை இன்னும் கூட்டியது. இன்று அந்த எண் ஏறத்தாழ 30. இலவச வைத்தியசாலைகளுக்கும் பெண் கல்விக்கும் இதில் பெரும் பங்குண்டு. ஆனால் வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தப் பெண்ணின் பங்கை எந்தப் புள்ளிவிபரமும் தனியாகக் காட்டுவதில்லை.

செரீன் தடேயஸ், டெபோரா மேன் என்ற இரு ஆய்வாளர்கள், தாய்மார் இறப்பதற்குக் காரணமாகும் மூன்று தாமதங்களைப் பற்றி 1994இல் எழுதினார்கள். வைத்தியசாலைக்குப் போவதென்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச்சேருவதில் ஒன்று, போனபின் சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. மூன்றாவது நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டாவதற்கு, 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ் இருக்கிறது. 2018இல் வடக்குக்கும் வந்தது, கட்டணமில்லை. முதலாவது தாமதம் வீட்டுக்குள் நடக்கிறது. அதற்கு மருந்து தகவல் மட்டுமே.

கடுந்தலையிடி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், இரத்தப்போக்கு, நீர்க்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் துடிப்புக் குறைதல்: இவற்றில் ஒன்று கண்டாலே அன்றைக்கே புறப்படவேண்டும். கர்ப்பிணிக்கு இது தெரிந்தால் போதாது. “விடியட்டும், பாப்பம்” என்று சொல்லும் மாமியாருக்கும், மோட்டார்சைக்கிள் சாவி வைத்திருக்கும் கணவனுக்கும் தெரியவேண்டும். எங்கள் கிளினிக் வாங்குகளில் ஆண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? பெரும்பாலும் வெளியே மரநிழலில்தான் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதைவிட, உள்ளே கூப்பிட்டு இருத்துவது நல்லது.

சின்ன விஷயங்களிலும் கவனம் வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேருவது குறையும். கல்சியத்தையும் அதையும் வேறு வேறு நேரத்தில் போடவேண்டும். குளிசையால் மலம் கறுத்தால் பயப்படத் தேவையில்லை. இதைச் சொல்லாமல் விட்டால், குளிசை அலுமாரியிலேயே கிடக்கும், இரத்தம் குறைந்தபடியே இருக்கும். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக வயற்காரருக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் இன்னொரு உதாரணம். கணவனுக்கு நல்ல மருந்து, கர்ப்பிணி மனைவிக்கு ஆகாது. ஒரே வீட்டில் ஒரே பொதியில் கிடக்கும்போது இதை யார் பிரித்துச் சொல்வது?

குடும்பநல உத்தியோகத்தர்தான். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. காடும் குளமும் இடைமறிக்கும் வன்னியில் 3,000 பேர் என்றால் நெடுந்தூரம். அவருடைய வெற்றிடத்தை நிரப்பாமல் சுவரொட்டி அச்சிடுவதை நான் சுகாதாரக் கல்வி என்று ஏற்கமாட்டேன்.

இன்று கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முடிவுரையை வாசித்தபின், நாளைக் காலை கிளினிக்குக்கு வரும் ஒரு தாயிடம் உங்கள் ஆய்விலிருந்து என்ன சொல்லலாம் என்பதை, பின்வரிசையில் இருக்கும் உத்தியோகத்தர்களைப் பார்த்து இரண்டு வரியில் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்டால் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கமாட்டேன்.