கணிப்பொறியும் ஒலிபெருக்கியும்

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்கள் உழவர் மன்றத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ யாராவது கணிப்பொறி தர முன்வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால், பழுதானால் யார் பார்ப்பது, மின்சாரம் நின்றால் என்ன வழி என்று முதலில் கேளுங்கள்.

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடா நாட்டு உதவியுடன் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. தலைமை மையம் வில்லியனூரில். தொலைபேசி சரியில்லாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவி, மின்வெட்டுக்குச் சூரிய ஒளி மின்சாரம். இடம் கொடுத்தது ஊர். பயிற்சி பெற்று நடத்தியவர்களும் ஊர்க்காரர்களே. அவர்களில் பெண்கள் பலர்.

வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு வேண்டியிருந்தது அலையின் உயரம். அமெரிக்கக் கடற்படையின் முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி மூலம் சொன்னார்கள். வலையைத் தோளில் போட்டவர் கணிப்பொறி முன் வந்து உட்காருவாரா?

2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் வீட்டுக்குச் சொன்னார். உடனே மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. மக்கள் அதற்குள் கரையை விட்டு வெளியேறியிருந்தார்கள்.