திருப்பணிக்குக் கை நீட்டுவோர்
(விழா அரங்கில் ஆற்றிய சொற்பொழிவு)



திருப்பணிக்குப் பொருள் வழங்கிய பெருமக்களைப் போற்றுதல் இத்தகைய விழாக்களின் மரபு. அடியேன் பேச விழைவதோ வீடுதோறும் சென்று பொருள் கேட்டவர்களைப் பற்றி. நன்கொடைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சித்திரை வெயிலில் அலைகிறவருக்கு, மூன்றாவது வீட்டிலும் "பிறகு வாருங்கள்" என்ற சொல்லே கிடைக்குமானால் உள்ளம் சோர்வது இயல்பே. அச்சோர்வுக்கு மருந்து யாது?

மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனித் திங்களில் நிகழும் மாங்கனித் திருவிழாவில் பிக்ஷாடனராக, இரந்துண்ணும் கோலத்தில், எம்பெருமான் காரைக்கால் வீதிகளில் எழுந்தருளுகிறார். மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்பெறுகின்றன. எறிந்த கனி எவர் மடியில் வீழ்ந்தது என்று எறிந்தவர் பார்ப்பதில்லை. உலகனைத்தும் உடையவனே ஓடேந்தி நம் தெருவில் வருகிறான் என்றால், அவன் கோயிலுக்காக நாம் கை நீட்டுவதில் நாணுதற்கு இடமேது?

அம்மையார் வரலாற்றில் இன்னொரு நுட்பம் உண்டு. பசித்து வந்த அடியாருக்குச் சோறு ஆகியிருந்தது, கறியமுது ஆகவில்லை. ஆகவே கணவர் அனுப்பிய மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றை அம்மையார் இட்டார். அவ்வேளையில் கையில் உள்ளதையே எவரும் தருதல் இயலும். சம்பா அறுவடைக்கு முன் உழவர் வீட்டில் பணம் கேட்டு, இல்லையென்றதும் அவரை உலோபி என்று எழுதிக்கொள்வது கேட்டவரின் அறியாமை. தை பிறந்தபின் அதே வீட்டிற்குச் சென்றால் நெல்லே கிடைக்கும்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரை இவ்விடத்தில் நினைக்கவேண்டும். 1822இல் தோன்றிய அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையையும், 1864இல் சிதம்பரத்தில் மற்றொன்றையும் நிறுவினார். செல்வர்களின் மனம் இளகும்வரை காத்திராமல், இல்லந்தோறும் பிடியரிசி திரட்டும் முறையை அவர் கைக்கொண்டார். உலை வைக்குமுன் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் இடுவாள், அவ்வளவே. ஒரு பிடியை ஐம்பது கிராம் என்று கொண்டால், முப்பது நாளில் ஒரு வீட்டிற்கு ஒன்றரைக் கிலோ. இருநூறு வீடுகளுக்கு முந்நூறு கிலோ! கொடுத்தவர்க்குக் குறைவு தெரியாது. கேட்பவருக்கோ இன்னும் பெரிய ஆதாயம்: ஒரு வாயிலில் மறுத்தாலும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வாயில்கள் திறந்திருக்கின்றன. பிற்காலத்தில் காஞ்சிப் பெரியவரும் பிடியரிசித் திட்டத்தைப் பரப்பினார்கள்.

நாவலர் கேட்டவையெல்லாம் உடனே கிடைத்தனவா? இல்லை. பாழடைந்து கிடந்த திருக்கேதீச்சரத்தைப் புதுப்பிக்க வேண்டுமென்று 1872இல் எழுதினார். சைவ மக்கள் அப்போது எழவில்லை. பின்னர் பஞ்சம் வந்தது; பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கப் பொருள் திரட்டும் வேலை அவருக்கு முன்னே நின்றது. 1879இல் அவர் மறைந்தபோது கேதீச்சரம் காடாகவே கிடந்தது. கோயில் நிலம் சைவர் கைக்கு வந்தது 1893இல். குடமுழுக்கு நடந்தது 1903இல். விண்ணப்பத்திற்கும் குடமுழுக்கிற்கும் இடையே முப்பத்தோராண்டு! இதனை எண்ணும்பொழுதெல்லாம், ஒரு மாதத்தில் நன்கொடை நிறைவுறவில்லையென்று முகம் வாடும் நம் இளைஞர்களைப் பார்த்து எனக்குப் புன்னகை வருகிறது. வைகிறேன் என்று அவர்கள் கொள்ளவேண்டா.

கண்முன் நிறைவேறிய பணியும் உண்டு. நூற்றாண்டுகளாக முற்றுப்பெறாது நின்ற திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரத்தை, முதுமையில் இருந்த அகோபில மடத்து 44ஆம் பட்டம் அழகியசிங்கர் 1979இல் எடுத்துக்கொண்டு 1987இல் முடித்தார். உயரம் 236 அடி, நிலைகள் பதின்மூன்று. முழுக் கோபுரத்தையும் ஒருவர் தலையில் ஏற்றாமல், நிலைநிலையாகப் பலர் ஏற்கச் செய்தார்கள். பெருந்தொகையைச் சொன்னால் கேட்பவர் மலைப்பர். "ஒரு நிலை" என்றால் கை முன்வரும்.

திரட்டுவோர் ஊக்கத்தைக் கெடுப்பது மறுப்புச் சொல் மட்டுமன்று. கணக்கு வெளிவராமையும் கெடுக்கும். ரசீது கொடுத்து, வரவும் செலவும் மக்கள் காண எழுதி வைத்தவன் அதே தெருவில் மறுமுறை தலைநிமிர்ந்து நடப்பான். ஐந்து ரூபாய் தந்த பாட்டியார் தம் பெயரைப் பலகையில் தேடிப் படிக்கச் சொல்லி, பேரனைத் தோளில் தட்டியதை அடியேன் கண்டதுண்டு. அன்று அலைந்த களைப்பு அவ்விடத்திலேயே போயிற்று.

அன்பர்களே, கலசத்தில் நீர் வார்த்ததும் கூட்டம் கலையும். நித்திய பூசைக்கு எண்ணெயும் அரிசியும் நாளை விடியற்காலையிலேயே வேண்டும். விழாவைவிட அதற்குக் கேட்பது கடினம், ஏனெனில் அதில் மேளமும் மாலையும் இல்லை. ஆகையால் பிடியரிசிப் பானைகளை நாளை முதலே வீடுகளில் வைக்கிறோம். மண்டலாபிஷேகம் நிறைவெய்தும் 48ஆம் நாள், அரிசிக் கணக்கும் எண்ணெய்க் கணக்கும் தனித்தனியே கோபுர வாயிலில் எழுதப்பெறும். வந்து பார்த்துப் பிழையிருப்பின் சொல்லுங்கள்.