டிவியில் கத்தும் செஃப்களின் கோபம் நெசமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு "சேமிப்பின் அவசியம்" என்று தலைப்பு கொடுத்தாங்க. அதைப் போன வருஷமும் ஒருத்தர் பேசினார், அதுக்கு முந்தின வருஷமும் ஒருத்தர் பேசினார். ரெண்டு பேருமே நல்லாப் பேசினாங்க. அதனால வேற தலைப்பு கேட்டு வாங்கிக்கிட்டேன். எங்க குழுக் கூட்டத்துல சந்தா வசூலிச்சு, உள்கடன் வரவு எழுதி, தீர்மான நோட்டுல கையெழுத்து போட்ட பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பேச்சுல பாதி டிவியைப் பத்தித்தான். அதுல தீராத சண்டை ஒன்னு இருக்கு. சமையல் போட்டியில செஃப் கத்துறாரே, தட்டைத் தள்ளி வைக்கிறாரே, பிள்ளைங்க கண்ணு கலங்கி நிக்குதே, அதெல்லாம் நெசமா, இல்ல காசுக்கு நடிக்கிறாங்களா? எங்க குழு பன்னிரண்டு பேர். ஆறு பேர் நெசம்னு சொல்றாங்க, ஆறு பேர் நடிப்புன்னு சொல்றாங்க. நான் பத்தாவது படிச்சவ. இந்த ஒரு மாசமா மகன் போனை வாங்கி, பார்க்க முடிஞ்சதைப் பார்த்து, படிக்க முடிஞ்சதைப் படிச்சுட்டு வந்திருக்கேன்.

நமக்கெல்லாம் தெரிஞ்ச ஆளையே முதல்ல எடுத்துக்குவோம். செஃப் வெங்கடேஷ் பட். விஜய் டிவியில "கிச்சன் சூப்பர் ஸ்டார்" என்று ஒரு போட்டி வந்தது ஞாபகம் இருக்கா? அதுல அவர் நடுவர். ரொம்பக் கண்டிப்பு. போட்டியாளர் தட்டோட வந்து நின்னா இங்க நம்ம வயித்துல புளியைக் கரைக்கும். அப்புறம் 2019 நவம்பர்ல அதே டிவியில "குக்கு வித் கோமாளி" ஆரம்பிச்சாங்க. அதே வெங்கடேஷ் பட், பக்கத்துல செஃப் தாமு. இங்க என்னடான்னா கோமாளிங்க அவரைக் கேலி பண்றாங்க, அவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறார், அவரும் சேர்ந்து சேட்டை பண்றார். இதுக்கு நடுவுல "சமையல் சமையல்" நிகழ்ச்சியில தனியா நின்னு சொல்லிக் கொடுத்தாரே, அதுல கோபமும் இல்ல, சேட்டையும் இல்ல. வாத்தியார் மாதிரி, வெங்காயம் எந்த நிறம் வரணும், ஏன் வரணும்னு நிதானமாச் சொல்வார். எங்க மாமியார் கேட்டாங்க, "மூணும் ஒரே ஆளாடி?"ன்னு. நல்ல கேள்வி. நான் பேச வந்ததே அந்தக் கேள்வியைத்தான்.

ஆள் மாறல. அவர் படிச்ச படிப்பு, ஓட்டல்ல பார்த்த வேலை, கையில இருக்கிற பக்குவம் எதுவும் மாறல. நிகழ்ச்சிதான் மாறியிருக்கு. ஒன்னுல போட்டியாளர் பதட்டம்தான் நாம பார்க்கிறது. இன்னொன்னுல சிரிப்பு. எந்த முகம் வேணுமோ அதைக் கொஞ்சம் தூக்கலாக் காட்டுறாங்க. இல்லாத குணத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்ட வச்ச மாதிரி எனக்குத் தோணல. கண்டிப்பும் அவர்கிட்ட இருக்கு, சேட்டையும் இருக்கு. எதை எவ்வளவுன்றதை முடிவு பண்றது நிகழ்ச்சி நடத்துறவங்க.

காட்டுறது எப்படின்னும் கொஞ்சம் பார்ப்போம். நம்ம வீட்டுக் கல்யாண வீடியோவை நினைச்சுக்குங்க. "அம்மா, ஆரத்தி சரியா விழல, இன்னொரு தடவை சுத்துங்க"ன்னு வீடியோக்காரர் சொல்வார், நாமும் சிரிச்சுக்கிட்டு இன்னொரு தடவை சுத்துவோம். ஆரத்தி பொய்யா? பொய் இல்ல. ஆனா படத்துல இருக்கிறது ரெண்டாவது ஆரத்தி. டிவியிலயும் பல மணி நேரம் எடுத்துட்டு நமக்கு ஒரு மணி நேரம்தான் காட்டுறாங்க. செஃப் நாலு தடவை நல்ல வார்த்தை சொல்லி, அஞ்சாவது தடவை கத்தியிருந்தா, அந்த அஞ்சாவதுதான் விளம்பரத்துல வரும். அதையும் மூணு தடவை திருப்பித் திருப்பி, டம் டம்னு மேளம் வச்சு, போட்டியாளர் முகத்தைக் கிட்டத்துல காட்டி. அந்த மேளத்தை எடுத்துட்டுப் பார்த்தா பாதி கோபம் காணாமப் போயிடும். டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு ஒரு நாள் பாருங்க. நான் பார்த்தேன்.

இந்தக் கத்துற செஃப் வழக்கத்துக்கே பெரிய ஆள் ஒருத்தர் இருக்கார். கார்டன் ராம்சே. ஸ்காட்லாந்துல பிறந்தவர். சின்ன வயசுல கால்பந்து ஆடினவர், முழங்கால்ல அடிபட்டு ஆட்டம் போச்சு, சமையலுக்கு வந்தார். "ஹெல்ஸ் கிச்சன்", அதாவது நரகத்து அடுப்படின்னு வச்சுக்கலாம், 2004-ல் பிரிட்டன்லயும் 2005-ல் அமெரிக்காவுலயும் வந்துச்சு. வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை. பீப் பீப்னு சத்தம்தான் வரும். இவர் நடிக்கிறாரான்னு அந்த ஊர்லயும் இதே சண்டை நடந்திருக்கு. நஷ்டத்துல ஓடுற ஓட்டலுக்குப் போய்ச் சரி பண்ற நிகழ்ச்சி ஒன்னும் அவர் செஞ்சார். அதுல காட்சியைச் சோடிச்சு எடுத்தாங்கன்னு லண்டன் "ஈவினிங் ஸ்டாண்டர்டு" பத்திரிகை எழுதிடுச்சு. அவர் கேஸ் போட்டார். 2006-ல் பத்திரிகை மன்னிப்புக் கேட்டு 75,000 பவுண்டு கொடுத்துச்சு. அப்போ சோடிப்புன்னு எழுதினது நிக்கல. அதோட, போட்டி நிகழ்ச்சிக்கெல்லாம் முன்னாடியே, 1999-ல், அவர் ஓட்டல் அடுப்படியை அப்படியே படம் எடுத்து ஒளிபரப்பியிருக்காங்க. பரிசும் இல்ல, போட்டியும் இல்ல. அதுலயும் கத்துறார். அதனால கோபம் நெசம்தான்னு நம்ம ஆறு பேர் கட்சி ஜெயிச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க, இன்னும் இருக்கு.

ஒரு பொம்பளை தலைக்கு ரெண்டு பக்கமும் பிரட்டை வச்சு அழுத்தி, நீ யாருன்னு ராம்சே கேட்கிற மாதிரி ஒரு படம் போன்ல சுத்துது, பிள்ளைங்க பார்த்திருப்பாங்க. அது எந்தப் போட்டியிலயும் நடந்தது இல்ல. 2015-ல் ஒரு அரட்டை நிகழ்ச்சியில அவரே தன்னைக் கிண்டல் பண்ணி நடிச்சது. உலகம் பூரா அதை நெசம்னு பரப்பிக்கிட்டு இருக்கு. நெசக் கோபம் ஒரு பக்கம், அதை வித்துக் காசு பார்க்கிற கோபம் இன்னொரு பக்கம், ரெண்டும் ஒரே ஆள்கிட்ட.

இதை விட எனக்கு முக்கியமாப் பட்டது வேற. இதே ராம்சே, குழந்தைங்க சமைக்கிற "மாஸ்டர்செஃப் ஜூனியர்" நிகழ்ச்சிக்கு 2013-ல் வந்தார். எட்டு வயசு, பத்து வயசுப் பிள்ளைங்க. அங்க அவர் குனிஞ்சு, பிள்ளை உயரத்துக்கு வந்து, மெதுவாப் பேசுறார். தப்பு நடந்தா தானும் கைகொடுக்கிறார். சாதம் குழைஞ்சா பெரியவங்ககிட்ட எகிறுற மனுஷனுக்குப் பிள்ளைங்ககிட்ட எகிற வரல. அப்போ அடக்க முடியாத கோபம்னு எதைச் சொல்றது? யார்கிட்ட காட்டலாம், யார்கிட்ட கூடாதுன்னு அந்தக் கோபத்துக்கே நல்லாத் தெரியுது. நம்ம வீட்டு ஆம்பளைங்க சிலரைப் பார்க்கிறோமே. குழம்புல உப்பு தூக்கலா இருந்தா தட்டு பறக்கும். "என் சுபாவம் அப்படி, நெசக் கோபம்"னு சொல்வாங்க. அதே ஆள் வி.ஏ.ஓ. ஆபீஸ்ல மூணு மணி நேரம் நிக்க வச்சாலும், பேங்குல நாளைக்கு வான்னு சொன்னாலும், சரிங்க சார்னு வருவார். (சிரிக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் பின்னாடிதான் நிக்கிறார். அவரைச் சொல்லல.)

ராம்சேக்குக் கத்துக் கொடுத்த மாஸ்டர் மார்க்கோ பியர் ஒயிட். அவரும் பெரிய கோபக்காரர்தான். அவர் அடுப்படியில ராம்சே அழுதிருக்கார்னு அந்த மாஸ்டரே சொல்லியிருக்கார். மாமியார்கிட்ட அழுத மருமக நாளைக்குத் தானும் மாமியார் ஆனா என்ன பண்ணுவாங்கறது நமக்குப் புதுசு இல்ல. சில பேர் நான் பட்டது என்னோட போகட்டும்பாங்க. சில பேர் நான் பட்டேன்ல, நீயும் படுன்னு சொல்வாங்க.

பெரிய ஓட்டல் அடுப்படின்னா அப்படித்தான் இருக்கும், பட்டாளம் மாதிரி, கத்தலைன்னா வேலை நடக்காதுன்னு ஒரு பேச்சு இருக்கு. ஓட்டல் அடுப்படியைப் பட்டாளம் மாதிரி வரிசைப்படுத்தினவரே பிரான்ஸ் நாட்டு எஸ்காஃபியேதான். பட்டாளத்துல சமைச்ச அனுபவம் உள்ளவர். அவர் தன் அடுப்படியில கத்தக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாதுன்னு வச்சிருந்தார். மாஸ்டர்செஃப் போட்டியையே எடுத்துக்குங்க. 2009-ல் ஆஸ்திரேலியாவுல ஆரம்பிச்சப்போ நடுவர்கள் தட்டிக்கொடுத்துத்தான் பேசினாங்க. அடுத்த வருஷம் அமெரிக்காவுல ராம்சேயை வச்சாங்க, அங்க கத்தல். நம்ம தமிழ்ல 2021-ல் சன் டிவியில வந்தப்போ விஜய் சேதுபதி நடத்தினார். கத்தினதை விடக் கதை கேட்டதுதான் அதிகம். ஒரே போட்டிதான், ஊருக்கு ஊர் சுபாவம் மாறுது. சமையலுக்குக் கத்தல் கட்டாயம்னா எல்லா ஊர்லயும்ல கத்தியிருக்கணும்?

அதுக்காக அடுப்படியில சத்தமே கூடாதுன்னு சொல்ல மாட்டேன். 2022 நவம்பர் மழை நமக்கு மறக்குமா? சீர்காழியில ஒரே நாள்ல 44 சென்டிமீட்டர். வீட்டுக்குள்ள தண்ணி, வயல் எங்க ரோடு எங்கன்னு தெரியல. எங்க ஊர்ல கொஞ்சம் மேடான இடத்துல கோட்டை அடுப்பு போட்டு ஊருக்கே சமைச்சோம். கல்யாண வேலை பார்க்கிற மாஸ்டர் ஒருத்தர் தானா வந்து கரண்டியைக் கையில எடுத்தார். ஈர விறகு, கண்ணைத் திறக்க முடியாத புகை. பெரிய அண்டாவுல சோறு வடிக்கிறோம், நாலு பேர் துணி போட்டுப் பிடிச்சுச் சாய்க்கிறோம். அப்ப சின்னப் பொண்ணு ஒன்னு குறுக்க ஓடி வந்துச்சு. அந்த மனுஷன் போட்ட சத்தம் இருக்கே! நாங்க அத்தனை பேரும் நடுங்கிட்டோம். பொண்ணு அழுதுச்சு. கஞ்சி முழுக்க வடிச்சு அண்டாவைக் கீழ வச்ச பிறகு அவரே போய்ப் பக்கத்துல உட்கார்ந்து, "கொதிக்கிற கஞ்சிடா கண்ணு, மேல பட்டா தோல் உரிஞ்சுடும்"னு சொல்லி முதல் சோத்தை அதுக்குத்தான் கொடுத்தார். அந்தக் கோபத்தை நான் தலை வணங்கி ஏத்துக்குவேன்.

நம்ம சீர்காழிக் கதையே சோத்துக் கோபம்தானே. பிரம்மதீர்த்தக் கரையில ஞானசம்பந்தர் வாயில பால் ஒழுக நிக்கிறார். அப்பா குளிச்சுட்டு வந்து பார்க்கிறார். எவர் கொடுத்த பாலைக் குடிச்சேன்னு குச்சியை எடுத்துட்டு மிரட்டினார்ல? சித்திரையில திருமுலைப்பால் விழா பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு அந்த அப்பா ஞாபகம்தான் வரும். பிள்ளை வயித்துக்குள்ள என்ன போச்சோன்ற பயம் அவருக்கு.

இன்னொரு விதமும் பார்த்திருக்கேன். ஒரு கல்யாண மண்டபத்துல எங்க குழு நாலு பேர் காய் நறுக்கப் போனோம். அங்க இருந்த மாஸ்டர் காலையிலிருந்து வாய் ஓயல. கத்திரிக்காய் பெரிசா இருந்தாலும் திட்டு, சின்னதா இருந்தாலும் திட்டு. திட்டு காயைப் பத்தி இல்ல, எங்க ஊரைப் பத்தி, எங்க வளர்ப்பைப் பத்தி. மண்டபத்துக்காரர் வந்து நின்னா மட்டும் குரல் தேன். சாயங்காலம் கூலியில ஆளுக்கு நூறு ரூபாய் குறைச்சார். கோபம் எதுக்குன்னு அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுச்சு.

இந்தப் பக்கம் பாருங்க. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில தொடங்கினது. 2023 ஆகஸ்ட் 25-ல் நம்ம பக்கத்துத் திருக்குவளையில வச்சு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிவுபடுத்தினாங்க. சமைக்கிறது யாரு? நம்ம குழுப் பெண்கள். இருட்டுல எழுந்து போய், மணி அடிக்கிறதுக்குள்ள உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோட இறக்கணும். டிவி போட்டியிலயாவது நேரம் முடிஞ்சா கையைத் தூக்கிட்டு நிக்கலாம். இங்க நேரம் முடிஞ்சா பிள்ளைங்க பசியோட வகுப்புக்குப் போகும். அந்தப் பதட்டத்துலயும் ஒருத்தரை ஒருத்தர் அக்கா, தங்கச்சின்னுதான் கூப்பிட்டுக்கிறாங்க. இங்க கேமரா இல்லாததால யாருக்கும் தெரியறதில்ல.

இவ்வளவும் நான் ஏன் தேடிப் படிச்சேன்னா, என் கொழுந்தனார் மகள் பிளஸ் டூ முடிச்சிருக்கு. திருச்சி துவாக்குடியில இருக்கிற அரசு கேட்டரிங் கல்லூரியில சேரணும்னு நிக்குது. நல்லாச் சமைக்கிற பொண்ணு. அவங்க அப்பா முடியாதுன்னுட்டார். "டிவியில பார்க்கிறேன்ல, ஆம்பளை நடுவுல பொம்பளைப் பிள்ளையை நிக்க வச்சு அசிங்கப்படுத்துறான், என் பொண்ணு அங்க போய் அழணுமா?"ன்னு கேட்கிறார். அவர் கேட்கிறது தப்பு இல்ல, பாசத்துல கேட்கிறார். ஆனா டிவியில காட்டின அஞ்சு நிமிஷத்தை வச்சு ஒரு பொண்ணோட மூணு வருஷப் படிப்பை நிறுத்துறது எனக்கு நியாயமாப் படல. போட்டி நடத்துறவங்களுக்கு அந்த அழுகை வேணும், அதனால காட்டுறாங்க. கல்லூரி வாத்தியாருக்கு அந்த அழுகையால ஒரு லாபமும் இல்ல. அதே நேரத்துல, எல்லா ஓட்டல் அடுப்படியும் தங்கம்னு அவர்கிட்ட நான் பொய் சொல்லவும் மாட்டேன். மண்டபத்து மாஸ்டர் மாதிரி ஆளுங்க நட்சத்திர ஓட்டல்லயும் இருப்பாங்க.

அதனால அவர்கிட்ட ஒன்னு சொல்லியிருக்கேன். நீங்களும் நானும் பொண்ணும் நேர்ல போவோம். அங்க படிக்கிற பொண்ணுங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்போம். பயிற்சிக்கு எந்த ஓட்டலுக்கு அனுப்புறாங்க, ராத்திரி எத்தனை மணி வரை வேலை, தங்குற இடம் எப்படி, யாராவது வாய்க்கு வந்தபடி பேசினா யார்கிட்ட போய்ச் சொல்லணும், சொன்னா நடவடிக்கை எடுப்பாங்களான்னு. அந்தக் கடைசிக் கேள்வியை நீங்க கேட்காதீங்க, நான் கேட்கிறேன்னும் சொல்லியிருக்கேன். அவர் இன்னும் சரின்னு சொல்லல, ஆனா எந்தப் பஸ்ல போறதுன்னு நேத்து கேட்டார். திங்கட்கிழமை காலையில கிளம்புறோம். நம்ம கூட்டமைப்புல யாருக்காவது அந்தக் கல்லூரியில பிள்ளை படிச்சாலோ, தெரிஞ்சவங்க இருந்தாலோ, சாப்பாட்டு நேரத்துல வந்து என்கிட்ட சொல்லுங்க.