லயத்து வாசல் யாரைப் பார்க்கிறது?



10க்கு 12 அடி காம்பரா, ஒரு இஸ்தோப்பு, ஒரே கூரை. மேட்டில் துரை பங்களா. பெரட்டுக்கு யார் வரவில்லை என்று பார்த்தவுடன் தெரியும். அடுப்புப் புகை போக வழி வைக்காதவர்கள் இதற்கு மட்டும் வழி வைத்தார்கள்! 1977 கலவரத்தில் லயங்களைத் தாக்க வந்தவர்களுக்கும் அந்த வரிசையே வசதியானது. நம் சனங்கள் பலர் வவுனியாவுக்கு ஓடினார்கள்.

2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. இப்போது தனி வீடு என்கிறார்கள். இந்திய உதவி வீடு 550 சதுர அடி. நல்லதுதான், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சரிவில்? கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்ணைப் பார்த்ததா? காணி உறுதியில் கொழுந்தெடுக்கும் மனைவியின் பெயரும் இருக்கிறதா?

நல்லதண்ணியில் இடம் காட்ட வரும் நாளில் நாம் எல்லோரும் அங்கே நிற்போம். பெண்கள் முன்னால்.