டவர் விழுந்த பிறகும் ஒரு வழி
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அடைமழை வந்தால் கரண்ட் போகும். கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போகும். மேல் லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்தால், கீழ் லயத்துக்கு ஓடித்தான் சொல்ல வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

அடுத்த லயத்துக்குப் பேசினாலும் நமது குரல் டவருக்குப் போய்த்தான் வருகிறது. டவர் நின்றால் போன் ஊமை. ஆனால் அதே போனில் இருக்கும் வைபையும் புளூடூத்தும் டவர் இல்லாமலே பக்கத்துப் போனோடு பேசக்கூடியவை. அதற்கான செயலி இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மலையில் கடைசி நிரையில் நிற்கும் அக்காவை எப்படிக் கூப்பிடுகிறோம்? பக்கத்து நிரைக்குச் சொல்கிறோம், அவர் அடுத்த நிரைக்குச் சொல்கிறார். இதுவும் அப்படித்தான். "இன்னாருக்கு வழி தெரியுமா?" என்று ஒரு போன் சுற்றியுள்ள போன்களைக் கேட்கும். அவை தமக்கு அடுத்த போன்களைக் கேட்கும். அதே கேள்வி மறுபடி வந்தால் விட்டுவிடும். ஆள் கிடைத்ததும் பதில் வந்த வழியே திரும்பும். செய்தியும் அந்த வழியில் போகும். நடுவில் ஒருவர் நகர்ந்துவிட்டால் வேறு வழி தேடும்.

2010 ஜனவரியில் ஹெயிட்டி நிலநடுக்கத்தில் தொலைபேசிச் சேவை முடங்கியது. அதைப் பார்த்துத்தான் அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்து போல் கார்ட்னர் ஸ்டீபன், போனுக்குப் போன் பேசும் 'சேர்வல்' திட்டத்தைத் தொடங்கினார். 2014இல் ஹொங்கொங் போராட்டக்காரர்கள் 'பயர்சாட்' மூலம் தெருவில் இப்படிச் செய்தி பரிமாறினார்கள்.

குறையும் உண்டு. ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குச் சில பத்து மீற்றர்தான் எட்டும். நடுவில் ஆளில்லாத பள்ளம் இருந்தால் தொடர் அறுந்துவிடும். பட்டரியும் சீக்கிரம் இறங்கும். மழை தொடங்கிய பின் செயலியைத் தேடவும் முடியாது.

ஆகவே வெயில் காலத்திலேயே பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை பெரிய வகுப்புப் பிள்ளைகளோடு லயம் லயமாக வருகிறேன். லயத்துக்கு ஒரு போன் தாருங்கள். எங்கே தொடர் அறுகிறது என்று குறிப்போம். அந்த இடத்தில் யார் ஓடிச் சொல்வது என்பதையும் அன்றே தீர்மானிப்போம்.

ஒன்றை மறக்க வேண்டாம். போன் செய்தி சொல்லும், மண்ணை நிறுத்தாது. பாதுகாப்பான நிலத்தில் வீடு என்ற நமது கோரிக்கை அப்படியேதான் நிற்கிறது.