விதைப்பணமும் கைத்திறனும்



வளரும் நாடுகளில் இளைஞர்க்கு வேலை இல்லை என்று பலரும் கூறுவர். அது முழு உண்மையன்று. வேலையின்றி வாளாவிருக்க அவர்களுக்கு வசதி ஏது? கூலிக்கு மண் சுமப்பார்கள். சாலையோரத்தில் பழம் விற்பார்கள். இன்று கிடைத்த வேலை நாளை கிடைக்காது. அவர்களிடம் இல்லாதது நிலையான தொழில். அதனை அளிக்கவல்ல ஆலைகளும் அலுவலகங்களும் அந்நாடுகளில் மிகச் சில. ஆதலின், தம் தொழிலைத் தாமே உண்டாக்கிக்கொள்ளுமாறு இளைஞர்க்கு முதலும் பயிற்சியும் வழங்கும் திட்டங்கள் பல நாடுகளில் எழுந்தன. அவற்றுள் பலித்தவை எவை, பலியாதவை எவை என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் உகாண்டாவின் வடபகுதியைக் காண்போம். இருபது ஆண்டுக்காலம் உள்நாட்டுப் போரில் உழன்ற நிலம் அது. ஊர்களை விட்டு முகாம்களில் அடைபட்டுக் கிடந்த மக்கள், 2006ஆம் ஆண்டையொட்டிப் போர் ஓய்ந்த பின்னரே தம் மண்ணுக்குத் திரும்பத் தொடங்கினர். முகாமிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு உழவும் சரிவரத் தெரியாது. பள்ளிப் படிப்பும் நிறைவுற்றிராது. இவர்களுக்கென 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, உலக வங்கியின் துணையோடு ஒரு திட்டத்தை நடத்தியது. இளைஞர்கள் இருபது பேர் அளவில் குழுவாகச் சேர வேண்டும். தையல், தச்சு, உலோக வேலை, முடி திருத்துதல் போன்ற ஒரு தொழிலைத் தேர்ந்து, யாரிடம் கற்பது, என்னென்ன கருவிகள் வாங்குவது என்று தாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏற்கப்பட்ட குழுவின் வங்கிக் கணக்கில் தொகை முழுவதும் ஒரே தவணையில் செலுத்தப்பட்டது. தலைக்கு ஏறத்தாழ 382 டாலர். அவ்வூர் இளைஞர் ஒருவரின் ஓராண்டு வருவாய்க்கு ஈடான தொகை. அதன்பின் எவரும் வந்து கணக்குக் கேட்கவில்லை.

இதைக் கேட்பவர்க்கு எழும் ஐயம் இயல்பானதே. கட்டுப்பாடு இல்லாத பணம், பசித்த இளைஞர், மேற்பார்வை இல்லை; பணம் பாழாகியிருக்கும் என்றே எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. விண்ணப்பித்த குழுக்கள் மிகுதி, பணமோ அளவானது என்பதால், தகுதியுடையோருள் யாருக்குக் கொடுப்பது என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. ஆகவே பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கிறிஸ்தோபர் பிளாட்மன் முதலிய ஆய்வாளர்கள் நான்கு ஆண்டுகள் கழித்துச் சென்று கண்டபோது, பணம் பெற்றோரின் வருவாய் பெறாதோரைவிட 38 விழுக்காடு உயர்ந்திருந்தது. பயிற்சிக்குச் செலவிட்டது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. பெரும்பகுதியைக் கருவிகளும் பொருள்களும் வாங்கவே பயன்படுத்தியிருந்தனர்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் மேடைகளில் எடுத்துரைக்க எளிதாக இருந்திருக்கும். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் சென்றனர். அப்போது வருவாயில் இருந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டிருந்தது. பெற்றவர்கள் வீழ்ந்துவிடவில்லை, பெறாதவர்கள் மெல்ல மெல்லச் சேமித்தும், கிடைத்த வேலைகளைச் செய்தும் அவர்களை எட்டிப் பிடித்திருந்தனர். உடைமைகளிலும் கைத்தொழில் பயிற்சியிலும் மட்டும் முன்னிலை எஞ்சியிருந்தது. இதனைக் கொண்டு திட்டம் தோற்றது என்பாரும் உளர். அது பொருந்தாத முடிவு. இருபது வயதில் வர வேண்டிய வருவாய் இருபத்தொன்பதில் வருமாயின், இடைப்பட்ட ஆண்டுகளில் பிறந்து வளரும் குழந்தையின் வயிறு எதைக் கொண்டு நிறையும்? எட்டிப் பிடித்தவரும் பிடிக்கப்பட்டவரும் ஒன்பதாம் ஆண்டில் ஒரே இடத்தில் நிற்கலாம். வந்த வழி ஒன்றாகாது. ஆயினும், ஒருமுறை கொடுத்த பணம் வாழ்நாள் முழுதும் பெருகும் என்று வாக்களிப்போரின் பேச்சையும் நம்பிவிட வேண்டியதில்லை.

இனி, இலவசமாகக் கொடுப்பதைவிடக் கடனாகக் கொடுப்பதன்றோ முறை என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியே. வங்காள தேசத்தில் ஜோப்ரா என்னும் சிற்றூரில் 1976ஆம் ஆண்டு முகமது யூனுஸ் தம் கைப்பணத்திலிருந்து 42 பேருக்கு 27 டாலர் கடன் கொடுத்துத் தொடங்கிய முயற்சி, 1983இல் கிராமீன் வங்கியாகி, 2006இல் அமைதிக்கான நோபல் பரிசையும் பெற்றது. ஏழைகள் கடனைத் திருப்பிச் செலுத்துவார்கள் என்பதை உலகுக்கு அது மெய்ப்பித்தது. ஆனால் அத்தகைய கடனுக்கு ஓர் இயல்பு உண்டு. பணம் கைக்கு வந்த ஓரிரு வாரங்களிலேயே தவணை தொடங்கிவிடும். அடுத்த வாரமே தவணை கட்ட வேண்டியவன், அடுத்த வாரமே விற்றுப் பணமாக்கக்கூடிய சரக்கைத்தான் வாங்குவான். தையல் இயந்திரம் வாங்கித் தொழில் கற்கத் துணிய மாட்டான். விதைத்த மறுவாரமே களத்துமேட்டில் நெல் அளக்கச் சொன்னால் உழவன் என் செய்வான்?

கொல்கத்தாவில் இதனை ஆய்ந்து பார்த்தனர். கடன் பெற்றோருள் ஒரு சாராருக்கு இரண்டு வாரத்திலும், மற்றொரு சாராருக்கு இரண்டு மாதம் கழித்தும் தவணை தொடங்கியது. காலம் நீட்டிக்கப்பட்டோர் தொழிலில் மிகுதியாக முதலிட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களது இலாபம் கூடுதலாக இருந்தது. ஆயின் கடன் திரும்பாமல் நின்றதும் அவர்களிடையேதான் மிகுதி. கடன் கொடுப்பவனின் நலமும் கடன் பெறுபவனின் வளர்ச்சியும் ஒரே திசையில் செல்வதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

பயிற்சியின் நிலை என்ன? உலகத் தொழிலாளர் அமைப்பின் சிறுதொழில் பயிற்சித் திட்டம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் நடந்து வருவது. வரவு செலவு எழுதுதல், விலை நிர்ணயித்தல், சரக்கிருப்புக் கணக்கு போன்றவற்றை இத்தகைய வகுப்புகள் கற்பிக்கும். நல்ல பாடங்களே, ஆனால் பல நாடுகளில் செய்த ஆய்வுகளில், இவற்றால் இலாபம் பெரிதாக உயர்ந்ததாகத் தெரியவில்லை. டொமினிக்கன் குடியரசில் ஒரு பகுதியினர்க்கு முறையான கணக்கியலும், மற்றொரு பகுதியினர்க்குச் சில எளிய வழக்கங்களும் கற்பித்தனர். கடைப்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் வெவ்வேறு இழுப்பறையில் வை என்பது அவ்வழக்கங்களுள் ஒன்று. கணக்கியல் கற்றோரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இழுப்பறையைப் பிரித்தோரிடம் இருந்தது. கல்லாப்பெட்டியில் வீட்டார் கைவைக்கக் கூடாது என்று கண்டிப்புக் காட்டிய நம் பழைய மளிகைக் கடைக்காரர்களுக்கு இது புதுச் செய்தியன்று.

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்னும் சிறிய நாட்டின் தலைநகரான லோமேயில் நடந்த ஆய்வு இன்னும் வியப்புக்குரியது. சிறுதொழில் செய்வோர் 1,500 பேரை மூன்றாகப் பிரித்தனர். 500 பேருக்கு வழக்கமான வணிகப் பயிற்சி, 500 பேருக்கு, பிறர் சொல்லுமுன் தானே முயலுதல், புதிய வாய்ப்பைத் தேடுதல், தடைகளை முன்கூட்டியே எண்ணித் திட்டமிடுதல் ஆகியவற்றைப் பழக்கும் பயிற்சி, எஞ்சியோர்க்கு எதுவுமில்லை. 2017இல் வெளிவந்த முடிவின்படி, முன்முயற்சிப் பயிற்சி பெற்றோரின் இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. வழக்கமான பயிற்சியோ 11 விழுக்காடே கூட்டியது, அதுவும் உறுதியாகச் சொல்லத்தக்க அளவினதன்று. வகுப்பு முடிந்த பின்னும் சில மாதங்கள் பயிற்றுநர் ஒவ்வொருவரின் தொழிலிடத்துக்கே சென்று வழிகாட்டினர் என்பதும் கருதத்தக்கது.

நைஜீரிய அரசு வேறொரு வழியை மேற்கொண்டது. 2011இல் தொழில் திட்டப் போட்டி ஒன்றை அறிவித்தது. ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தனர். அவர்களுள் 6,000 பேரை நான்கு நாள் பயிற்சிக்குத் தேர்ந்து, இறுதியில் 1,200 பேருக்குச் சராசரி 50,000 டாலர் வீதம் தவணைகளில் வழங்கியது. வென்றோருள் ஒரு பெரும் பகுதியினர் குலுக்கலில் தேர்ந்தவர்கள். மூன்று ஆண்டுகள் கழிந்தபின், புதிதாகத் தொழில் தொடங்க விழைந்தோருள், குலுக்கலில் வென்றோர் தொழில் நடத்திக்கொண்டிருந்த விகிதம் வெல்லாதோரைவிட 37 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. பத்துப் பேருக்கு மேல் வேலை கொடுக்கும் நிறுவனங்களும் பல எழுந்தன.

இங்கே மதிப்பெண் இட்டுப் பழகியோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நடுவர்கள் இட்ட மதிப்பெண்ணுக்கும், பின்னர் யார் செழித்தார் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அழகாக எழுதப்பட்ட திட்டமும் நன்றாக நடந்த தொழிலும் வேறுவேறு.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருள் நிறைவுறாது. நம் அண்டை நாடாகிய இலங்கையில், காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களில், இடியப்பம் அவித்து விற்போர், மூங்கில் பொருள் முடைவோர், மிதிவண்டி பழுது பார்ப்போர் போன்ற சிறுதொழிலர் சிலர்க்கு 2005ஆம் ஆண்டு முதல் 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தனர். ஆண்களிடம் அப்பணம் நல்ல இலாபம் ஈட்டியது. பெண்களிடம் சராசரியாக ஒன்றும் ஈட்டவில்லை. பெண்களுக்குத் தொழில் திறம் இல்லை என்று அவசரப்பட்டு எழுதியோரும் இருந்தனர். சில ஆண்டுகள் கழித்து அதே கணக்குகளை வேறு ஆய்வாளர்கள் மீண்டும் புரட்டியபோது உண்மை புலப்பட்டது. வீட்டில் தொழில் செய்பவள் அப்பெண் ஒருத்தியே என்றால், அவளிடமும் பணம் ஆண்களிடம் போலவே பெருகியிருந்தது. கணவனுக்கும் தனியே ஒரு தொழில் இருந்த வீடுகளில், அவள் பெயரில் வந்த முதல் அவன் தொழிலுக்குச் சென்றிருந்தது. அவளது பெட்டியில் அது தங்கவே இல்லை.